நவம்பரில் கோ சமுய்: அம்மா கேட்ட கேள்வி

"இங்கயே மழை கொட்டுது, அங்க மட்டும் என்ன வெயிலா காயப்போகுது?" போன நவம்பரில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரை எங்கே, தாய்லாந்து எங்கே, நடுவில் ஒரு கடலே கிடக்கிறது என்று அவருக்குப் பூகோளம் நடத்தினேன். நான்காம் நாள் கோ சமுய் தீவின் நாதோன் படகுத்துறையில், அன்றைக்குப் படகு கிடையாது என்று கையால் எழுதி ஒட்டியிருந்த காகிதத்துக்கு முன்னால் நனைந்த பையோடு நின்றேன். சாயங்காலம் அக்கரையில் சூரத் தானியில் ஒரு விமானம், ராத்திரி பாங்காக்கில் இன்னொரு விமானம். இரண்டும் என்னை விட்டுவிட்டுத்தான் போகப்போகின்றன என்று அந்த நிமிஷமே தெரிந்துபோனது. கடைசியில் போட்ட திட்டத்துக்கு மேல் 36,000 ரூபாய் கூடுதலாகப் போனது, ஆபீசில் ஒரு நாள் லீவும் கூடப் போனது. போகட்டும். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்தே இருக்காது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

தனியாகப் போகும் யோசனையே முதலில் இல்லை. கல்லூரித் தோழிகள் இரண்டு பேரும் நானுமாக, வீட்டு ஆட்கள் யாரும் இல்லாமல் ஒரே ஒரு தடவை எங்கேயாவது கடலோரமாகப் போய்வருவது என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தியின் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இன்னொருத்தி கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "மன்னிச்சுக்கடி, இவனுக்கு மாடல் எக்ஸாம்" என்றாள். டிக்கெட்டோ பணம் திரும்ப வராத டிக்கெட். வீட்டுக்காரர், "போட்டது போட்டாச்சு, நீ மட்டும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். மளிகைச் சாமானுக்கே எக்செல் போடுகிற ஆள். இந்தப் பயணத்துக்கும் மணிவாரியாகத் தாள் போட்டிருந்தேன். மழை, அலை, அசதி எதற்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

முதல் தப்பு மாதத்தில். தாய்லாந்துக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்பார்கள். பாங்காக், சியாங் மாய், புக்கெட், கிராபி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அது சரி. ஆனால் தாய்லாந்தின் தெற்கு வால் நீளமாக, ஒல்லியாகத் தொங்குகிறது. அதன் மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா. புக்கெட், பீ பீ, லந்தா எல்லாம் மேற்குப் பக்கம். அங்கே மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. சமுய், பங்ஙான், தாவ் மூன்றும் கிழக்குப் பக்கம். அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, அதிலும் நவம்பர்தான் உச்சம். என்ன மழை தெரியுமா? நம் வடகிழக்குப் பருவமழைதான்! சென்னையை மூழ்கடிக்கிற அதே காற்றுதான் அங்கேயும் கடலைக் கலக்குகிறது. அம்மாவுக்குத் தெரியாமலே அவர் கேட்டது வானிலைத் துறை கேட்க வேண்டிய கேள்வி.

ஓட்டல் அறை அந்த வாரம் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு பாதி விலைக்குக் கிடைத்தால் ஏன் என்று யோசிப்போம் இல்லையா? இதில் யோசிக்கவில்லை. இன்னொரு தடயமும் கண் முன்னாலேயே இருந்தது. சமுய்க்கு மேற்கே ஆங் தோங் என்று 42 தீவுகள் சேர்ந்த கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. நான் சமுய்யைத் தேர்ந்தெடுத்ததே அதைப் பார்க்கத்தான். மலைக்கு நடுவே பச்சையாக ஒரு உப்புநீர் ஏரி, மேலே ஏறினால் தீவெல்லாம் சிதறிக் கிடக்கிற காட்சி என்று படங்களில் பார்த்து மயங்கியிருந்தேன். படகுச் சுற்றுலாவைப் பதிவு செய்யப் போனால் என் தேதிகளில் இடமே காட்டவில்லை. கூட்டம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். பூங்காவையே வழக்கமாக நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை மூடிவிடுகிறார்கள், கடல் கொந்தளிப்பினால். மேற்குப் பக்கத்திலும் இதே கதை உண்டு. சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடுகிறார்கள். பீ பீ பக்கத்து மாயா விரிகுடாவை ஆகஸ்ட், செப்டம்பரில். எந்தத் தீவுக்குப் போவதானாலும் அதன் தேசியப் பூங்கா எப்போது மூடுகிறது என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விளம்பரம் எதைச் சொன்னாலும் சரி, பூங்காவை மூடிவிட்டார்கள் என்றால் கடல் சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. சூரத் தானிக்கு நேர் மேற்கே, அந்தமான் கரையில் தகுவா பா என்று ஊர் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவையும் அது குறிப்பிடுகிறது. அந்த வணிகர்கள் காற்று எப்போது திரும்பும் என்று பார்த்துக் கப்பல் ஏறினார்கள். நான் தள்ளுபடி பார்த்து ஏறினேன்.

இரண்டாவது தப்பு வழியில். சமுய்க்கு பாங்காக்கிலிருந்து நேராக விமானம் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமான நிலையம் 1989-ல் திறந்தது, தனியார் கட்டியது, அதனால் டிக்கெட் விலை எப்போதும் கொஞ்சம் காந்தும். மலிவு வழி என்னவென்றால் சூரத் தானி வரை விமானம், அங்கிருந்து பஸ்ஸில் தோன்சக் துறை, அங்கிருந்து ஃபெர்ரி. நேர் விமானத்தைவிட எனக்கு 9,000 ரூபாய் மிச்சம் என்று எக்செல் சொன்னது. சென்னையிலிருந்து நடுராத்திரி கிளம்பிய விமானம் விடியற்காலையில் சுவர்ணபூமியில் இறங்கியது. சூரத் தானி விமானமோ தோன் முவாங்கிலிருந்து. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் என்பது தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. (அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பஸ் இருக்கிறது, டாக்சி வேண்டாம்.) அதற்குப் பிறகு விமானம், பஸ், ஃபெர்ரி, கடைசியாக சொங்தேவ் எனப்படும், இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. சென்னையில் சித்தி வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து போபுட் கடற்கரையில் அறைக் கதவைத் திறந்தது வரை பத்தொன்பதரை மணி நேரம். மூன்று ராத்திரிப் பயணத்தில் ஒரு முழு நாள் வழியிலேயே கரைந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு ஃபெர்ரி வழி நல்ல வழி. மூன்று, நாலு நாள் மட்டும் என்றால் நேர் விமானத்துக்குக் காசு கொடுங்கள், அல்லது நேர் விமானம் மலிவாக இருக்கிற புக்கெட்டுக்குப் போங்கள்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன ஏமாற்று. 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தார்கள். 2024 ஜூலையிலிருந்து 60 நாள் வரை தங்கலாம் என்று நீட்டினார்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது முற்றிலும் இலவசம். நான் கூகுளில் தேடி முதலில் வந்ததைத் திறந்தேன். கொடி, சின்னம், நீலக் கலர் பட்டை எல்லாம் அரசாங்கப் பக்கம் மாதிரியே இருந்தது. கடைசியில் 'சேவைக் கட்டணம்' என்று 2,900 ரூபாய் உருவியது. அட்டை வந்ததென்னவோ வந்தது. தாய்லாந்துக் குடிவரவுத் துறையின் முகவரி கோ டாட் டிஹெச் (go.th) என்று முடியும். அப்படி முடியாத எந்தப் பக்கத்திலும் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டாதீர்கள்.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். அம்மாவுக்கு போட்டோ அனுப்பி, "பாத்தியா?" என்று வேறு கேட்டேன். அறைக்குப் பக்கத்துக் கடையில் ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 250 பாட். (அப்போது ஒரு பாட் ஏறக்குறைய 2 ரூபாய் 75 காசு.) ஊரில் தினமும் வண்டி ஓட்டுகிறவள், அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். தீவைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் வட்டச் சாலை. இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அங்கே மூத்தவர்களை 'பீ' என்று கூப்பிடுவார்கள், நானும் பீ என்றேன், சந்தோஷப்பட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். டப்பாவில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பாஸ்போர்ட் இருந்தன, பல நிறத்தில். எல்லோரும் கொடுக்கிறார்கள் போல என்று நானும் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஆகப் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஆனாலும் அந்த அரை நாளை நான் குறை சொல்ல மாட்டேன். லமாயில் ஹின் தா, ஹின் யாய் என்ற தாத்தா, பாட்டிப் பாறைகளைப் பார்த்தேன். (பார்க்கிறவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால்தான் புரியும்.) குனாராம் கோயிலில் லுவாங் போ தேங் என்ற துறவியின் உடல், 1973-ல் தியானத்தில் உட்கார்ந்தபடியே உயிர் விட்டவர், இன்றும் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். முதலில் திக்கென்றது. ஒரு குடும்பம் குழந்தையோடு வந்து பூ வைத்துவிட்டு, கல்யாண வீட்டில் பெரியவரிடம் ஆசீர்வாதம் வாங்குவது மாதிரி சாதாரணமாகக் கும்பிட்டுப் போனதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. நா முவாங் அருவியில் தண்ணீர் செம்மண் கலரில் கொட்டியது. மலையில் மழை தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. குற்றாலம் பார்த்து வளர்ந்தவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தேன். லைசென்ஸ் காட்டினேன். "இன்டர்நேஷனல்?" என்றார். இல்லை. 500 பாட் அபராதம், ரசீது கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். நம் ஆர்டிஓ-வில் 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷத்துக்குத் தருகிறார்கள். அதில் இருசக்கர வண்டிக்கான பிரிவிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அபராதத்தைவிடப் பெரிய விஷயம், அது இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பயண இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. அரை மணி நேரத்தில் அதுவும் நடக்கப் பார்த்தது. லமாயிலிருந்து சவேங் போகிற வழியில் லாட் கோ என்ற காட்சிமுனை, கடலை ஒட்டி மலை இறங்குகிற வளைவு. தூறல் போட ஆரம்பித்தது. ரோட்டில் மலை மண் வழிந்திருந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி தன் போக்கில் போய்ச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் வந்த பழக்கடைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார்.

கடைக்கார அம்மா சிராய்ப்புகளைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஐந்து இடம். அதில் மூன்று நான் எடுக்கும்போதே இருந்தவை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது, நிரூபிக்க எதுவும் இல்லை. உள்ளே போய் லாமினேட் செய்த விலைப் பட்டியலைக் கொண்டுவந்தார். பக்கக் கவர் இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, பெயிண்ட் இவ்வளவு. மொத்தம் 8,000 பாட். பிஸ்கட் டப்பா மேஜைக்கு அடியில். குரலை உயர்த்தவே இல்லை அவர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் பேசி 5,000 பாட்டுக்கு முடிந்தது. பணம் எடுக்க ஏடிஎம் போனால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் கட்டணம், அது தனி. 'ரூபாய் மதிப்பிலேயே கழித்துக்கொள்ளவா' என்று திரையில் கேட்பான், வேண்டாம் என்று அழுத்துங்கள், அவன் போடும் மாற்று விகிதம் மோசம். அறைக்கு வந்து விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்றால், ஆமாம். 13,750 ரூபாய். என் பொண்ணுக்குச் சைக்கிள் வாங்கக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்டிருந்த தொகைக்கு மேலே.

பிறகு அறை விடுதிப் பையன் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். பாஸ்போர்ட்டுக்குப் பதில் அதன் நகலும் 3,000 பாட் முன்பணமும் வாங்கிக்கொள்கிற கடைகள் அதே தெருவில் இரண்டு இருக்கின்றனவாம். பாஸ்போர்ட்டை மட்டும் கேட்கிற கடையில் எடுக்கவே எடுக்காதீர்கள். வண்டியைத் தொடும் முன் கடைக்காரர் முன்னாலேயே சுற்றிவந்து வீடியோ எடுங்கள், அடிப்பக்கம் உட்பட. தகராறு வந்தால் 1155-ஐக் கூப்பிடலாம், சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசுவார்கள். அந்த எண்ணை வாயால் சொன்னாலே பேரம் சீக்கிரம் முடியும் என்றான் பையன். எனக்கு அப்போது எண் தெரியாது. என்னைக் கேட்டால், மழைக் காலத்தில் சமுய் மலை வளைவுகளில் ஸ்கூட்டரே வேண்டாம். சொங்தேவில் பகலில் அவரவர் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஏறும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கையைக் காட்டினால் ராத்திரியில் முழு வண்டி வாடகை சொல்வார்கள். கிராப் டாக்சிச் செயலி வேலை செய்கிறது, மலிவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சவேங் கடற்கரையில் சிவப்புக் கொடி, கால்கூட நனைக்க விடவில்லை, விட்டாலும் இறங்கத் தைரியம் வராது. போபுட்டில் வெள்ளி இரவுச் சந்தை பிரசித்தம், அதற்காகவே அங்கே அறை எடுத்திருந்தேன். தார்ப்பாய் மூடிய நாலு கடைதான். குடை பிடித்துக்கொண்டு பெரிய புத்தரைப் பார்க்கப் போனேன். 12 மீட்டர் உயரம், 1972-ல் கட்டியது. தங்க நிறத்தில் மழைநீர் வழிய உட்கார்ந்திருந்தார். பக்கத்து ப்லாய் லேம் கோயிலில் பதினெட்டுக் கையோடு குவான் யின் என்ற பெண் தெய்வம். மாரியம்மனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவள் அந்நியமாகத் தெரியவில்லை. மதியச் சாப்பாடுதான் பாடு. எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். 'வெஜ்' என்றால் தலையை ஆட்டிவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. 'ஜே' என்று சொல்லிப் பழகுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் தொங்கினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், வெங்காயம், பூண்டுகூட இருக்காது. 'மாய் ஸை நாம் ப்லா' என்றால் மீன் சாறு போடாதே. என் உச்சரிப்புக்கு ஒரு கடையில் நாலு பேர் கூடிவிட்டார்கள், ஆனால் சாறு போடவில்லை.

இனி சனிக்கிழமை. என் தாளின்படி பதினோரு மணிக்கு வேகப் படகு, சாயங்காலம் ஆறேகாலுக்கு சூரத் தானியில் விமானம், ராத்திரி பாங்காக்கிலிருந்து சென்னை. ஒன்றில் ஒன்று கோத்து, நடுவில் இரண்டு மணி, மூன்று மணி இடைவெளி விட்டு அழகாக இருந்தது. படகு நிற்கவில்லையென்றால். நாதோனில் மழைக்கோட்டுப் போட்ட பையன் காகிதத்தைக் காட்டிவிட்டுக் கையை விரித்தான், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வீணாக்கினேன். அங்கே டீக்கடை போட்டிருந்தவர்தான் சைகையில் சொன்னார், வேகப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள், லாரி, கார் ஏற்றுகிற பெரிய ஃபெர்ரி போனாலும் போகும், தெற்கே லிப்பா நொய் துறைக்குப் போ என்று. போனேன். அங்கே லாரிகள் வரிசை. மூன்று மணிக்குத்தான் எடுத்தார்கள்.

வழக்கமாக ஒன்றரை மணி நேரம். அன்று இரண்டரை. மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அப்படியே ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தன. ஊழியர் ஒருத்தர் கறிக்கடைப் பை மாதிரி சிவப்புப் பைகளைக் கட்டாக எடுத்துவந்து ஆளுக்கொன்று கொடுத்தார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும்தான். வாந்தி மாத்திரை பெட்டிக்குள், பெட்டி கீழ்தளத்தில். மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும், கைப்பையில் வையுங்கள். பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தர் என் முதுகைத் தடவிவிட்டார். மடியிலிருந்து விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, என் மூக்கில் வைத்தார். யா டொம் என்கிறார்கள், மெந்தால், கற்பூரம் எல்லாம் சேர்ந்த வாசம், மண்டைக்குள் ஜில்லென்று ஏறியது. என்னையறியாமல் "அம்மா" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, குப்பியை என் கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டார்.

தோன்சக்கில் இறங்கும்போது ஐந்தரை. விமானத்துக்கு முக்கால் மணி நேரம், ரோட்டிலோ ஒன்றரை மணி நேரம். சரி, புது டிக்கெட் போடலாம் என்று போனை எடுத்தால் அடுத்த சிக்கல். ஏர்போர்ட்டில் வாங்கிய தாய் சிம் உள்ளே, என் ஊர் சிம் பர்சில். வங்கி ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும். சிம் தட்டைத் திறக்க ஊசி இல்லை, காதுத் தோட்டைக் கழற்றி அதன் தண்டால் குத்தித் திறந்தேன். சிம்மைப் போட்டால் நெட்வொர்க் வரவில்லை, கிளம்பும் முன் ரோமிங்கே திறக்கவில்லை! வரும் எஸ்எம்எஸ்ஸுக்காவது ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போங்கள். தாய்லாந்துக்கு இ-சிம் போட்டுக்கொண்டு ஊர் சிம்மை உள்ளேயே விடுங்கள். மறுபடி தாய் சிம்மை மாட்டி வாட்ஸப்பில் தம்பியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அக்கா, முதல்ல சாப்பிட்டியா?" என்றான். அவன் கார்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு பாங்காக்–சென்னை டிக்கெட் போட்டுக் கொடுத்தான், 16,400 ரூபாய்.

சூரத் தானி ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புன்பின் என்ற இடத்தில் இருக்கிறது. தோன்சக்கிலிருந்து அங்கேயே போகும் வேன் இருந்தது, 300 பாட். ராத்திரி ரயிலில் படுக்கை எல்லாம் தீர்ந்துபோய், ஃபேன் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது, நானூற்றுச் சொச்சம் பாட். காலையில் இறங்கியது கிருங் தேப் அபிவத் நிலையத்தில். 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர ரயில்கள் அங்கேதான் வருகின்றன, பழைய ஹுவா லம்போங்குக்கு அல்ல. அந்த ரயில் பயணம் சுகமாகத்தான் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜன்னல் திறந்திருந்தது, நடுராத்திரியில் யாரோ பொட்டலம் சோறு விற்றுக்கொண்டு போனார்கள், பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரியே ஆட்டம்.

ஊருக்கு வந்து இன்சூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளுக்கு இடையே ஒன்றைத் தவறவிட்டால் என் பாலிசியில் பணம் கிடையாது. கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் அதையும் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கும் படகு ரத்தானதற்கு எழுத்தில் சான்று கேட்கிறார்கள். துறையில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது, செலவும் ஓர் ஓட்டல் அறைதான்: கடைசி ராத்திரியைத் தீவில் வைக்காதீர்கள், பாங்காக்கில் வையுங்கள். படகு ஒரு நாள் நின்றாலும் ஊர் விமானம் தப்பாது. படகு போனால் பாங்காக்கில் ஒரு சாயங்காலம் லாபம். நான் அன்றைக்குக் கொடுத்த காசுக்கு அங்கே எட்டு ராத்திரி தங்கியிருக்கலாம்.

மறுபடியும் போவேன். தோழிகள் இருவரும் பிப்ரவரி என்கிறார்கள், ஆங் தோங் திறந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும். எக்செலை நான் போடக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. யா டொம் குப்பி இப்போது அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கிறது. ராத்திரி மூக்கடைத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அவ்வளவு காசை விட்டுட்டு வந்தே, இதுல ஒரு டஜன் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்கிறார்.